மணி அடித்ததும் காலியாகும் கல்லூரி

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

நான் வடசென்னையில் உள்ள ஒரு சிறிய கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலைச் சுழற்சி. எட்டரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்துவிடும். எங்கள் வகுப்பில் 26 பேர். கல்லூரியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வீடு காசிமேட்டில். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறார். யாராவது கேட்டால் வீடு ராயபுரம் என்று சொல்வேன். முதலாண்டில் ஐந்து பேர் ஒன்றாகவே இருந்தோம். ஏப்ரல் கடைசியில் மற்ற நால்வரும் மாமல்லபுரம் போனார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் பணம் கேட்க மனம் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஒருநாள் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஒருத்தி விளையாட்டாக மூக்கைப் பொத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கல்லூரியும் பிடிக்கவில்லை. ஒரு முதன்மைப் பாடத்துக்கு இரண்டு மாதமாக ஆசிரியர் இல்லை. களப்பயணத்துக்கு என்று 600 ரூபாய் வாங்கினார்கள், எங்கும் அழைத்துப்போகவில்லை. வகுப்பு முடிந்ததும் நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். தமிழ் வகுப்பில் மட்டும் வணிகவியல் மாணவிகளோடு உட்காருகிறோம். அவர்களில் ஒருத்தி என்னிடம் நோட்டு வாங்குவாள், மற்றபடி யாருடனும் பேச்சில்லை. பள்ளித் தோழி தெற்கே ஒரு பெரிய கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய இன்ஸ்டாகிராம் படங்களைப் பார்த்தால் நான் படிப்பது கல்லூரியா, பதிமூன்றாம் வகுப்பா என்று சந்தேகம் வருகிறது. இங்கே எனக்கு ஒட்டவில்லை. நிறுத்திவிட்டு வேறு கல்லூரியில் மறுபடி முதலாண்டு சேரலாமா? அல்லது தொலைநிலைக் கல்வியில் முடித்துவிடலாமா? இரண்டு வாரமாகச் சரியாகத் தூக்கமும் இல்லை.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

'நீ' என்றே எழுதுகிறேன். என் மகள் உன்னைவிட இரண்டு வயது பெரியவள். 'நீங்கள்' என்று தொடங்கினால் எனக்குப் பேனா நகராது.

உன் முழுக் கடிதத்தில் 'ஒட்டவில்லை' என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் ஆசிரியர் வராத வகுப்பைச் சொல்கிறாய். இன்னோரிடத்தில் மாமல்லபுரம் போனவர்களை. மூன்றாவதில் பள்ளித் தோழியின் படங்களை. கடைசியில், 'எனக்குத்தான் எங்கும் ஒட்டத் தெரியவில்லை போலிருக்கிறது' என்று உன்னையே சொல்லி முடிக்கிறாய். முதல் மூன்றையும் கூட்டி நான்காவதை விடையாகப் போட்டிருக்கிறாய். கூட்டல் தப்பு.

மூக்கைப் பொத்திய கதையிலிருந்து தொடங்குகிறேன், அதை நீ நான்கு சின்ன வரிகளில் கடந்துவிட்டாய் என்பதால். நீயும் சிரித்ததற்காக உன்னை நொந்துகொள்ளாதே. எல்லோர் முன்னாலும் திடீரென்று அவமானப்படுகிறவர்களுக்கு அந்த நொடியில் வருவது பெரும்பாலும் சிரிப்புதான், அழுகை வீட்டுக்கு வந்த பிறகு. ஆனால் இதை 'ஒட்டவில்லை' கணக்கில் எழுதாதே. பெற்றோரின் தொழிலையும் பிறந்த தெருவையும் வைத்து ஒருத்தியைப் பார்த்து மூக்கைப் பொத்துவது அவமதிப்பு. அதற்குப் பழகிக்கொள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் தனியாக இருக்கும்போது போய்ச் சொல்: "அன்றைக்கு நீ மூக்கைப் பொத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் செய்யாதே." இவ்வளவு போதும், விளக்கவுரை வேண்டாம். பேசும்போது குரல் உடைந்தால் உடையட்டும். மறுபடி நடந்தால் வகுப்பு ஆசிரியரிடம் எழுத்தில் கொடு. இந்த வயதில் பலர் தாம் செய்தது இன்னதென்று தெரியாமலே செய்கிறார்கள். தெரிந்தே செய்கிறவர்களும் உண்டு. அவள் எந்த வகை என்பது நீ சொன்னதும் அவள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

மாமல்லபுரம் கதையில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாள்களில் உன் வீட்டில் பத்து ரூபாய் எப்படி எண்ணிச் செலவழிக்கப்படும் என்பது மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு எங்கிருந்து தெரியும்? நீ சொன்னது உடம்பு சரியில்லை என்று. மறுநாள் நன்றாக வந்து உட்கார்ந்திருப்பாய். 'இவளுக்கு நம்மோடு வர இஷ்டமில்லை' என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தால் முழுத் தப்பும் அவர்கள் பக்கம் இல்லை. பணம் இல்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நால்வரிடமும் சொல்ல வேண்டாம். யார் கொஞ்சம் நல்லவளோ அவளிடம் மட்டும் சொல்லிப் பார்.

ராயபுரம் என்று சொல்லிக்கொள்வதும் இதோடு சேர்ந்ததுதான். பெரிய பொய்யில்லை, பக்கத்துப் பேட்டைதான். ஆனால் வீடு எங்கே என்று மறைத்தவளால் யாரையும் வீட்டுக்கு அழைக்க முடியாது. ஒரு வருடத்தில் நான்கு தோழிகளில் ஒருத்தியாவது உங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறாளா? அழைக்காதவளை மற்றவர்களும் மெல்ல மெல்ல அழைக்காமல் விடுவார்கள். அதில் வன்மம் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளில் வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பெயர் அடிக்கடி அடிபடும். மாணவர்கள் ஏன் பாதியில் கல்லூரியை விடுகிறார்கள் என்று 1975இல் எழுதியவர். படிப்போடு ஓர் ஒட்டுதல், மனிதர்களோடு ஓர் ஒட்டுதல், இவை தளரும்போது மாணவர் வெளியேறுகிறார் என்பது அவர் சொன்னதன் சாரம். உன் கடிதத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஆனால் அவருடைய தொடக்கக் கருத்தில் ஒரு கோணல் இருந்தது. பழைய ஊரையும் உறவையும் விட்டு விலகினால்தான் புதிய இடத்தில் கலக்க முடியும் என்கிற தொனி. பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஏழைக் குடும்பங்களிலிருந்தும் ஒதுக்கப்பட்ட சமூகங்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு வீட்டின் பிடிதான் படிப்பில் நிற்கப் பலம் தருகிறது என்றார்கள். டின்டோவும் பின்னாளில் தன் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். நீ ராயபுரம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், அவரே கைவிட்ட பழைய டின்டோவின் பேச்சைக் கேட்டு நடக்கிறாய்.

இனி கல்லூரிக்கு வருகிறேன். இங்கே எனக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு.

நான் படித்தது மாலைச் சுழற்சி. ஒன்றரை மணிக்கு நாங்கள் வாசலில் காத்திருப்போம், காலைச் சுழற்சிப் பெண்கள் வெளியே வந்துகொண்டிருப்பார்கள். அதே கதவு, அதே பெஞ்சு. உட்காரும்போது பலகை சூடாக இருக்கும். என் மேசையின் இடது மூலையில், காலையில் அங்கே உட்காரும் யாரோ ஒருத்தி தினமும் பென்சிலால் எதையாவது கிறுக்கி வைத்திருப்பாள். ஒருநாள் ஒரு பூ. ஒருநாள் பாதியில் விட்ட கணக்கு. ஒருநாள் 'பசி' என்று ஒரே சொல். அதன் கீழே 'எனக்கும்' என்று எழுதிவிட்டு வந்தேன். மறுநாள் 'நீ யார்?' என்று இருந்தது. பெயர் எழுத வெட்கப்பட்டு ஒரு மீசைக்காரப் படம் வரைந்து வைத்தேன். மூன்று வருடம் இப்படியே போயிற்று. அவள் முகத்தை நான் பார்த்ததேயில்லை. என் வகுப்பில் என்னோடு படித்த பலரின் பெயர் மறந்துவிட்டது, அந்தக் கையெழுத்து மறக்கவில்லை.

ஒரே கட்டடத்தில் இரண்டு சுழற்சி நடத்தியதால்தான் என்னைப் போன்ற பல பேருக்குக் கல்லூரியில் இடமே கிடைத்தது. அதனால் அந்த முறையை வாய் கூசாமல் திட்ட என்னால் முடியாது. ஆனால் அது எதை எடுத்துக்கொள்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நட்பு வளர்வது கால அட்டவணையில் இல்லாத நேரத்தில். வகுப்பு முடிந்து படிக்கட்டில் சும்மா உட்காரும் முக்கால் மணி நேரம், கேன்டீனில் ஒரு டீயை இருவர் பங்கிட்டுக்கொள்ளும் பத்து நிமிடம், புத்தகம் தேடப் போய் வம்பளந்துவிட்டு வரும் நூலகத்து மூலை. உன் கல்லூரி அந்த நேரம் முழுவதையும் ஒன்றரை மணிக்குக் காவலாளியை விட்டு வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுகிறது. உனக்குப் பழகத் தெரியவில்லை என்று முடிவு கட்டுமுன், பழக உனக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்.

கல்லூரி சிறியது என்பது இன்னொரு கஷ்டம். பெரிய கல்லூரியில் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். 26 பேர் வகுப்பில் மற்ற 25 பேரும் பார்ப்பார்கள். ஒரு கூட்டத்தோடு முறிந்தால் போய்ச் சேர இன்னொன்று இருக்காது. இருந்தாலும் முதல் கூட்டத்தின் கதை அங்கே முன்பே போயிருக்கும். அமெரிக்காவில் வில்லியம்ஸ், சுவார்த்மோர் போன்ற புகழ்பெற்ற சிறு கலைக் கல்லூரிகளில் மொத்த மாணவர்களே இரண்டாயிரத்துக்கு முன்னே பின்னே. ஆசிரியருக்கு மாணவர் பெயர் தெரியும், பெரும்பாலோர் வளாகத்திலேயே தங்குகிறார்கள், நூலகம் இரவு வரை திறந்திருக்கும். அந்த மாதிரி இடங்களிலும் 'எல்லோரும் இங்கே பொருந்திவிட்டார்கள், நான் மட்டும்தான் வெளியே' என்று பிள்ளைகள் புலம்புகிறார்கள்.

அந்த 'நான் மட்டும்தான்' என்பதை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்டது. முதலாண்டு மாணவர்களை அழைத்து, மூத்த மாணவர்கள் சொன்னதைப் படிக்கக் கொடுத்தார்கள். 'முதலில் எங்களுக்கும் இங்கே இடமில்லை என்றுதான் தோன்றியது, போகப் போகச் சரியாயிற்று' என்பதுதான் அதன் உள்ளடக்கம். படித்ததைத் தன் அனுபவத்தோடு சேர்த்து எழுதச் சொன்னார்கள். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்தான். அதன் பிறகு மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மந்திரம் எதுவுமில்லை. தனக்கு மட்டுமே நடப்பதாக நினைத்தது எல்லோருக்கும் நடப்பது என்று தெரிந்ததும், ஒரு மோசமான நாளை வெறும் மோசமான நாளாகப் பார்க்க முடிந்திருக்கிறது. உன் துறையில் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருத்தியைப் பிடித்து, "முதல் வருடம் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேள். ஆய்வாளர் தேவையில்லை, ஒரு சமோசா போதும்.

பள்ளித் தோழியின் படங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. கலைவிழா வருடத்துக்கு இரண்டு நாள். மற்ற நாள்களில் அவளும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போகிறாள். ஒருமுறை போன் செய்து பேசு.

உன் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் நீ போகிற போக்கில் எழுதியது: தமிழ் வகுப்பில் உன்னிடம் நோட்டு வாங்கும் வணிகவியல் பெண். ஐந்து பேர் கூட்டத்தை இழந்த வருத்தத்தில், தானாக உன் பக்கம் வருகிற ஒருத்தியை 'மற்றபடி யாருடனும் பேச்சில்லை' என்று தள்ளிவிட்டாய். அவள் வேறு துறை. உன் வகுப்பின் பழங்கதை அவளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அக்கறையில்லை. சிறிய கல்லூரியில் இது அபூர்வம். ஒரு சனிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு ஓல்டு ஜெயில் ரோடு பக்கம் நடந்து போ. அங்கே மாடிப் பூங்கா என்ற பெயரில் நிற்பது பழைய சென்னையின் நகரச் சுவரில் எஞ்சிய துண்டு. 1758-59இல் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டுப் போன பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி நகரத்தைச் சுற்றி எழுப்பிய சுவர். அதற்கான வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் சாலையில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம் தூரமில்லை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய கட்டடம் இன்னும் நிற்கிறது. வரலாறு படிக்கிற பெண், அதுவும் காசிமேட்டுக்காரி, இவற்றை ஒரு வணிகவியல் மாணவிக்குக் காட்டாமல் வேறு யார் காட்டுவது? திரும்பும்போது உங்கள் வீட்டில் சாப்பாடு. களப்பயணம் நடந்து போகிற தூரத்தில் இருப்பதால் அந்த 600 ரூபாயை விட்டுவிடு என்று பொருள் கொள்ளாதே, அதற்கு வருகிறேன்.

நிறுத்துவது பற்றி. மறுபடி முதலாண்டு சேர்ந்தால் ஒன்றரை வருடமும் கட்டிய பணமும் போகும். நீ அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கினால், இடைநிற்காமல் படிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை என்பதையும் நினைவில் வை. இடையில் கல்லூரி மாறுவதும் லேசில்லை. இரண்டு கல்லூரி முதல்வர்களும் சம்மதிக்க வேண்டும், பல்கலைக்கழகம் அனுமதிக்க வேண்டும், போகிற இடத்தில் அதே பாடத்தில் காலி இடம் இருக்க வேண்டும். அது தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமே வேறாக இருக்கும். தொலைநிலைக் கல்வி நல்ல ஏற்பாடுதான், வேலைக்குப் போகிறவர்களுக்கு. பேச ஆளில்லை என்று வருந்துகிற பெண் அதில் சேர்ந்தால், இருக்கிற நோட்டுக்காரியும் போய்விடுவாள். உனக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் இருக்கிறது. அதன் பிறகு எம்.ஏ.வுக்கு சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொது நுழைவுத் தேர்வு எழுதினால் புதுச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களும் உண்டு. இடம் மாறுவதற்கு இயல்பான வாசல் அது. அதுவரை இரு என்பது என் அபிப்பிராயம். மூக்கைப் பொத்தும் வேலை தொடர்ந்து, நீ சொல்லியும் கல்லூரி கண்டுகொள்ளாமல் விட்டால் என் அபிப்பிராயம் மாறும். அப்போது மறுபடி எழுது.

தூக்கம் பற்றி: இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால், அல்லது சாப்பாடும் வெறுத்துப் போனால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசு. கட்டணமில்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். வீட்டில் அம்மாவிடமும் சொல்.

கடைசியாகக் கல்லூரி மீதான உன் புகார். அதில் ஒரு வார்த்தை கூட மிகையில்லை. ஆசிரியர் இல்லாத பாடம், நடக்காத பயணத்துக்குப் பணம், பூட்டிய நூலகம். இவற்றைப் பற்றி வகுப்பில் நீ வாய் திறக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். 'ஒட்டாதவள் எப்படிக் கேட்பது' என்று காரணமும் சொல்கிறாய். நான் தலைகீழாக நினைக்கிறேன். குறை கேட்பது அந்த இடத்தில் பங்குள்ளவர்கள் செய்கிற வேலை. விருந்தாளிதான் உப்பில்லாத குழம்பை வாய் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஒரு தாளில் மூன்று கோரிக்கை எழுது. இரண்டு மாதமாக நடக்காத பாடத்துக்கு ஆசிரியர் எப்போது வருவார் என்று தேதி வேண்டும். களப்பயணம் இந்தப் பருவத்திலேயே வேண்டும், இல்லையென்றால் 600 ரூபாய் திரும்ப வேண்டும். நூலகத்தில் ஒரே ஒரு மேசை மாலை மூன்றரை வரை காலைச் சுழற்சி மாணவிகளுக்கு வேண்டும். முழு நூலகத்தையும் கேட்காதே, ஆள் இல்லை என்பார்கள். மாலைச் சுழற்சிக்காகக் கட்டடம் எப்படியும் திறந்துதான் இருக்கிறது, ஒரு மேசையை மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

கையெழுத்துக்கு முதலில் அந்த நால்வரிடம் போ. மூக்கைப் பொத்தியவளிடமும்தான். மாமல்லபுரம் போனவர்களுக்கும் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, அவர்களும் 600 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். ஒருத்தி போடாவிட்டால் மற்றவர்களிடம் போ. பத்துக் கையெழுத்து வந்ததும் துறைத் தலைவரிடம் கொடு. சண்டைத் தொனி வேண்டாம். அவருக்கே ஆசிரியர் கிடைக்காமல் தலைவலியாக இருக்கலாம், உங்கள் தாளைக் காட்டி அவர் மேலே கேட்க வசதியாக இருக்கும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் முதல்வர். அதற்கும் அசைவில்லையென்றால் மாணவர் குறைதீர் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும். புகார் வந்ததிலிருந்து இயன்றவரை 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதன் மேலும் மனக்குறை இருந்தால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போ. உன் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதே. நாள் எண்ணுவது அந்தத் தேதியிலிருந்துதான்.